காரியம் முடிந்த மறுவாரம் கேட்கப்படும் கையெழுத்து

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த கையோடு அந்தப் பேச்சு வரும். "அக்கா, ஆபீசுக்கு ஒரு நாள் வந்துட்டுப் போயிடு. ஒரு கையெழுத்துதான்." ஆபீஸ் என்றால் சார்பதிவாளர் அலுவலகம். கையெழுத்து என்றால் விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம். பெரும்பாலும் தம்பி கேட்பார். கேட்கக் கூச்சப்படும் அண்ணன்மார் அம்மாவின் வாயால் கேட்க வைப்பார்கள். தமிழ்நாட்டில் மகள்களின் சொத்துப் பங்கு பறிபோவது பெரும்பாலும் நீதிமன்றத்தில் இல்லை. பத்திர எழுத்தரின் மேசையில், வாங்கிவந்த டீ ஆறுவதற்குள் அது நடந்து முடிந்துவிடும்.

இந்த இடத்தில் சட்டம் மகள்கள் பக்கம்தான் நிற்கிறது. வந்து சேர நாளானது, அவ்வளவுதான். பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக 60 ஆண்டுகள் பிடித்தது. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் வந்த திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு தந்தது. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டது. ஒரே வீட்டில் அக்காவுக்குப் பங்கு கிடையாது, தங்கைக்கு உண்டு என்ற விசித்திரம் 16 ஆண்டுகள் நீடித்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்தது: மகளுக்குப் பங்கு வர, 2005 செப்டம்பர் 9-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. "உங்களுக்கு 89-க்கு முன்னாலேயே கல்யாணம் ஆயிடுச்சேம்மா, உங்களுக்குப் பங்கு வராது" என்று சொல்லும் பத்திர எழுத்தர்களும் ஊர்ப் பெரியவர்களும் இன்றும் இருக்கிறார்கள். 2005-க்குப் பிறகு அது தவறு. ஒரு விதிவிலக்கு மட்டும் நினைவிருக்கட்டும். 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்த பாகப்பிரிவினையோ விற்பனையோ முடிந்திருந்தால் அதைக் கிளற முடியாது. "வாய்மொழியாகப் பங்கு பிரிச்சாச்சு" என்ற வாதத்தை நீதிமன்றம் எளிதில் ஏற்பதில்லை. அதற்குத் துணையாக அரசு ஆவணங்கள் வேண்டும்.

சரி, பங்கு என்றால் எவ்வளவு? கையெழுத்துப் போடப் போகிற பெண்களில் பலருக்கு இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டியிருக்க மாட்டார்கள். 5 ஏக்கர், அதாவது 500 சென்ட் பூர்வீக நிலம். அப்பா 2010-ல் உயில் எழுதாமல் இறந்தார். அம்மா, 2 மகன்கள், 2 மகள்கள் இருக்கிறார்கள். முதலில் அப்பாவையும் நான்கு பிள்ளைகளையும் சேர்த்து ஐந்து பங்காகப் பிரிக்க வேண்டும். ஆளுக்கு 100 சென்ட். தென்னிந்திய வழக்கப்படி இந்தப் பிரிவினையில் மனைவிக்குத் தனிப் பங்கு இல்லை. அடுத்து அப்பாவின் 100 சென்ட் அவருடைய வாரிசுகளான அம்மாவுக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். ஆளுக்கு 20 சென்ட். ஆக, மகனானாலும் மகளானாலும் பிள்ளைக்கு 120 சென்ட், அம்மாவுக்கு 20 சென்ட்.

இதே நிலத்தை 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பழைய கணக்கில் போட்டால் அப்பாவுக்கும் இரண்டு மகன்களுக்கும் மூன்று பங்கு. அப்பாவின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே ஐந்து பேருக்குப் பிரியும். மகனுக்கு 200 சென்ட், மகளுக்கு 33 சென்ட். "பொம்பளைப் புள்ளைக்குக் கொஞ்சம்தான் வரும்" என்று ஊரில் சொல்வது இந்தப் பழைய கணக்கின் மிச்சம்.

நிலம் அப்பாவே சம்பாதித்து வாங்கியதாக இருந்தால் கணக்கு இன்னும் எளிது. உயில் இல்லையென்றால் ஐந்து பேருக்கும் ஆளுக்கு 100 சென்ட். அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் அவரும் சம வாரிசு, அப்போது ஆறு பங்கு. இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று: தாத்தாவிடமிருந்து வந்ததெல்லாம் பூர்வீகம் என்று நினைத்துக்கொள்வது. தாத்தா தன் உழைப்பில் வாங்கி, 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து, அப்படி அப்பாவுக்கு வந்த பங்கு சட்டத்தின் பார்வையில் அப்பாவின் தனிச் சொத்து. அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம், மகள் தடுக்க முடியாது. பூர்வீகச் சொத்தில் அவர் உயில் எழுத முடிவது தன் பங்குக்கு மட்டும். ஆகவே மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் பங்கு இவ்வளவு என்று சொல்பவர் வழக்கறிஞராகவே இருந்தாலும் நம்ப வேண்டாம்.

(இவை இந்து வாரிசுரிமைச் சட்டப்படியான கணக்குகள். கிறித்தவக் குடும்பங்களில் மனைவிக்கு மூன்றில் ஒன்று போக மிச்சம் மகன், மகள் வேறுபாடில்லாமல் சமமாகப் பிரியும். இசுலாமியச் சட்டத்தில் மகனுக்கு வருவதில் பாதி மகளுக்கு.)

கையெழுத்துக்கு நாள் குறிக்கும் முன் ஆவணங்களைக் கையில் எடுத்துவிட வேண்டும். மூலப் பத்திரம் தம்பியின் பீரோவில் இருக்கும், கேட்டால் முகம் மாறும். கேட்கவே வேண்டாம். பதிவான மூலப் பத்திரத்துக்குப் பதிவுத் துறையில் சான்றிட்ட நகல் வாங்கலாம். ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் தெரிந்தால் பதிவுத் துறை இணையதளத்தில், அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றிதழைப் பார்த்துவிடலாம். குறைந்தது 1975-லிருந்து போட்டுப் பாருங்கள். அதில் அப்பாவின் கடைசி மூன்று, நான்கு ஆண்டுகளைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். நோயில் படுத்திருந்த காலத்தில் மகன்கள் பெயருக்குப் போன தான செட்டில்மெண்ட் இருந்தால் அங்கே தெரியும். உயிலும், பதிவாகாத பாகப்பிரிவினை முச்சலிக்காவும் (ஒப்பந்தத் தாள்) வில்லங்கத்தில் வராது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்தது, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வருவாய்க் கணக்குகளான சிட்டாவும் அ-பதிவேடும். இரண்டையும் வருவாய்த் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பட்டாவில் அண்ணன் பெயர் மட்டும் இருப்பதைக் கண்டு பயந்துவிடுகிறவர்கள் நிறைய. 1980-களில் யு.டி.ஆர். திட்டத்தில் பட்டாக்களைப் புதுப்பித்தபோது, ஊரில் அன்றைக்கு இருந்த ஆண்பிள்ளை பெயரில் ஏறிய பட்டாக்கள் எத்தனையோ. பட்டா வருவாய்க் கணக்கு. அது மட்டுமே ஒருவரை உரிமையாளர் ஆக்காது, ஒருவரின் உரிமையை அழிக்கவும் செய்யாது.

வாரிசுச் சான்றிதழில்தான் விளையாட்டு அதிகம். இ-சேவை வழியாக மகன் விண்ணப்பிப்பார். கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், வட்டாட்சியர் சான்று தருவார். கட்டிக்கொடுத்த மகளின் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து எப்போதோ எடுத்திருப்பார்கள். அந்த அட்டையை ஆதாரமாகக் காட்டினால் அப்படி ஒரு மகள் இருப்பதே தெரியாமல் போகும். அப்பா பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளி மாற்றுச் சான்றிதழின் நகலோடு வட்டாட்சியருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அங்கே சரியாகவில்லையென்றால் கோட்டாட்சியரிடம் போகலாம். சான்றிதழில் பெயர் விடுபட்டதால் பங்கு போய்விடாது. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்து நிலத்தை விற்றுவிட்டால் திரும்பப் பெறுவது பல ஆண்டு வேலை.

இனி அந்தப் பத்திரம். விடுதலைப் பத்திரத்தில் ஐந்தே இடங்களைப் படித்தால் போதும், ஆனால் ஐந்தையும் படிக்க வேண்டும்.

முதலில் தலைப்பு. "பட்டா மாத்த ஒரு கையெழுத்து", "கரண்ட் கனெக்‌ஷனுக்கு" என்று கூப்பிட்டுப் போவார்கள், தாளின் மேலே "விடுதலை ஆவணம்" என்றோ "பொது அதிகார ஆவணம்" என்றோ இருக்கும். உங்கள் சார்பில் நிலத்தை விற்கும் உரிமையை இன்னொருவருக்குத் தரும் பொது அதிகாரம் இன்னும் ஆபத்து. அதை வைத்து நிலத்தை விற்றபின் அதிகாரத்தை ரத்து செய்து பயனில்லை. ரத்து செய்வதென்றால் விற்பனைக்கு முன்பே, பதிவு அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிந்து, அதிகாரம் வாங்கியவருக்கும் தகவல் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, பிரதிபிரயோஜனம் என்ற சொல் வரும் வரி. பெறும் தொகை அங்கேதான் இருக்கும். பேசியது 15 லட்சம், எழுதியது "அன்பின் நிமித்தம் பிரதிபிரயோஜனம் ஏதுமின்றி" என்றால், பிறகு மீதிப் பணம் கேட்க எந்த வழியும் இருக்காது. முத்திரைத்தாள் செலவைக் குறைக்க அப்படி எழுதுகிறோம் என்பது வழக்கமான சமாதானம். குடும்பத்தாருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. இது 2023 ஜூலையில் மாறிய கணக்கு. எழுதும் தொகை கூடினாலும் இந்த வரம்பைத் தாண்டப் போவதில்லை. ஆகவே அந்தச் சமாதானத்தில் கனமில்லை.

மூன்றாவது, யாருக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பது. ஒரு தம்பியின் பெயர் மட்டும் இருந்தால் உங்கள் பங்கு முழுவதும் அவருக்குத்தான் போகும், மற்றவர்களுக்கோ அம்மாவுக்கோ ஒரு சென்ட்டும் சேராது. நான்காவது, சொத்து விவரம். வீட்டுக்கென்று சொல்லிவிட்டுத் தோட்டத்தின் சர்வே எண்ணையும் சேர்த்திருப்பார்கள். "இதில் கண்டதும் காணாததுமான சகல சொத்துகளிலும்" என்று ஒரு வரி சில பத்திரங்களில் வரும், அதை அடிக்கச் சொல்லுங்கள். ஐந்தாவது, ரொக்கம் பெற்றுக்கொண்டதாக வரும் வாசகம். வங்கி வரைவோலை எண்ணோ பணப் பரிமாற்ற எண்ணோ பத்திரத்தில் ஏறட்டும். பணம் கணக்கில் வந்தபிறகு கைரேகை வையுங்கள். பதிவின்போது சார்பதிவாளர் "சம்மதம்தானா, தொகை வந்துவிட்டதா" என்று கேட்பார். அண்ணன் பக்கத்தில் நிற்கும்போது அதற்கு இல்லை என்று சொல்ல யாருக்கும் நா எழாது. வரைவை இரண்டு நாள் முன்பே வாங்கி வீட்டில் வைத்துப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

கல்யாணத்தின்போதே "எனக்குச் சீர் வந்துவிட்டது, இனிப் பங்கு கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிய தாள்கள் பல வீடுகளில் உண்டு. அப்பா உயிரோடு இருக்கும்போது அவருடைய தனிச் சொத்தில் மகளுக்கு உரிமை இன்னும் பிறக்கவில்லை. பிறக்காத உரிமையை விட்டுக்கொடுத்த தாள் பொதுவாகக் கட்டுப்படுத்தாது. பதிவாகாத வெள்ளைத்தாள் விடுதலையும் அசையாச் சொத்தைப் பொறுத்தவரை செல்லாது. ஆனால் பதிவான பத்திரத்தை ஏமாற்றி வாங்கினார்கள் என்றால், அது தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். ஏமாற்று நடந்ததை நிரூபிக்கும் சுமையும் உங்களுடையது. இறந்துபோன மகளின் பங்கு அவள் பிள்ளைகளுக்கு வரும். அவர்கள் சிறுவர்களாக இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அதை விட்டுக்கொடுக்க அவர்களின் அப்பாவாலும் முடியாது. இதை மறந்து எழுதிய பத்திரங்கள் பிற்பாடு வீடு கட்டக் கடன் கேட்கப் போகும்போது வங்கியில் மாட்டிக்கொள்ளும்.

சட்டம் தெரிந்தும் பெண்கள் கையெழுத்துப் போடக் காரணம் அறியாமை என்று சொல்வது சோம்பேறித்தனம். அவர்கள் போடும் கணக்கு வேறு. மகளின் சடங்குக்கும் பிள்ளையின் காதுகுத்துக்கும் தாய்மாமன் தட்டு வர வேண்டும். புருஷன் வீட்டில் பிரச்சினை என்றால் வந்து நிற்க ஒரு வாசல் வேண்டும். தான் செத்தால் பிறந்த வீட்டுக் கோடித் துணி வந்து விழ வேண்டும். பங்கு கேட்டால் இந்த மூன்றும் நின்றுபோகும் என்று யாரும் நேராக மிரட்ட மாட்டார்கள். மிரட்டாமலே புரிந்துவிடும். "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்ற பேச்சுக்கு மட்டும் கணக்கிலேயே பதில் சொல்லலாம். அண்ணனின் படிப்புக்கும் தொழில் தொடங்கவும் வீட்டில் செலவழித்ததை யாரும் அவன் பங்கில் கழித்ததில்லை. சீரையும் நகையையும் பங்கில் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை.

இந்தியாவில் வேளாண் நிலத்தை நடத்துபவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. களை பறிக்கும் பெண்களையும் நாற்று நடும் பெண்களையும் வயலில் பார்த்தவர்களுக்கு இந்த எண் உறுத்தும்.

உறவும் வேண்டும், பங்கும் வேண்டும் என்பவர்களுக்கு நடைமுறையில் ஓரளவு பலிக்கும் வழி, விடுதலைக்குப் பதில் பாகப்பிரிவினை கேட்பது. எல்லோரும் சேர்ந்து எழுதும் பத்திரம் என்பதால் ஒருவர் மட்டும் பறித்துக்கொண்டார் என்ற பேச்சு வராது. வீட்டைத் தம்பி எடுத்துக்கொண்டு தோட்டத்தில் ஓரத்துத் துண்டை அக்காவுக்கு ஒதுக்கலாம், மதிப்பு குறைந்தால் மீதியைப் பணமாகத் தரலாம். ஒதுக்கும் துண்டுக்குப் பாதை உண்டா, கிணற்றிலும் மோட்டாரிலும் முறை எப்படி என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பாதையில்லாத நிலத்தைக் கொடுத்துவிட்டு இரண்டே வருடத்தில் அடிமாட்டு விலைக்குக் கேட்பது பழைய தந்திரம். பணமாக வாங்குவதென்றால் அரசு வழிகாட்டி மதிப்பைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்து, பக்கத்து நிலங்கள் அண்மையில் என்ன விலைக்குப் போயின என்று விசாரித்துப் பேசுங்கள். அவசரமும் பெண்கள் பக்கம் இல்லை. நிலத்தை வாங்க வருபவரின் வங்கி வழக்கறிஞர், எல்லா மகள்களின் கையெழுத்தும் இல்லாத பத்திரத்துக்குக் கடன் தர ஒப்புதல் தருவது அரிது. கையெழுத்து தேவைப்படுவது அண்ணன் தம்பிகளுக்கு.

பேச்சு நின்றுவிட்டால் வழக்கு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தாலுகா அளவிலும் குழு உண்டு, தொலைபேசி எண் 15100. பெண் என்றால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு. வேலைக்குப் போகும் பெண்கள் இது தங்களுக்கில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வழக்குக்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்த்தால் அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அண்ணன் தம்பிகளும் பெரும்பாலும் இதற்கு இறங்கி வருவார்கள்.

பாகப்பிரிவினை வழக்கில் பிழைகள் ஒரே மாதிரிதான் வரும். ஒரு பங்குதாரரைச் சேர்க்காமல் விடுவது. ஒரு சொத்தை விட்டுவிட்டு மற்றதற்கு மட்டும் கேட்பது. மனுவில் "என்னை அனுபவத்திலிருந்து விலக்கிவிட்டார்கள்" என்று கோபத்தில் எழுதுவது. கடைசியானதுதான் செலவு வைக்கும். கூட்டு அனுபவத்தில் இருப்பவருக்கு நீதிமன்றக் கட்டணம் சிறு தொகை. விலக்கப்பட்டவருக்குப் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம், 20 லட்சத்துக்கு 60,000 ரூபாய். விலக்கியது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டு என்ற காலவரம்பும் அப்போதுதான் ஓடத் தொடங்கும். அம்மா வீட்டுக்கு வருவதும் விளைச்சலில் மூட்டை வாங்கிப் போவதும் கூட்டு அனுபவத்துக்குச் சான்று. அந்த வழக்கத்தை நிறுத்திவிடாதீர்கள். விற்பனை நடக்கப் போகிறது என்று தெரிந்தால் சார்பதிவாளருக்கு ஆட்சேபனை மனுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம், நீதிமன்றத் தடையாணை வாங்குங்கள்.

ஆரம்பத் தீர்ப்பாணையில் உங்கள் பங்கு ஐந்தில் ஒன்று என்பதுபோல் வரும். பலர் அதோடு ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நிலம் கைக்கு வர இறுதித் தீர்ப்பாணை மனுப் போட வேண்டும். நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர் ஆணையர் நில அளவரோடு வந்து அளந்து, எந்தத் துண்டு யாருக்கு என்று வரைபடம் தருவார். அந்த ஆணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்கியபிறகு, அதைக் கொண்டு உட்பிரிவுப் பட்டா கேட்க வேண்டும். அளக்க வரும் நாளில் நேரில் நில்லுங்கள். வரப்பு நகர்வது அன்றைக்குத்தான்.

பட்டா உங்கள் பெயருக்கு வந்தபிறகும் ஒரு வேலை பாக்கி. பெண்ணின் சொத்து உயில் இல்லாமல் யாருக்குப் போகும் என்று சொல்லும் இடத்தில் இதே சட்டம் பெண்களைச் சரியாக நடத்தவில்லை. திருமணமான இந்துப் பெண் பிள்ளைகளும் கணவரும் இல்லாமல் இறந்தால், அவள் தன் சம்பளத்தில் வாங்கிய வீடு முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும், அதற்குப் பிறகே பெற்றோருக்கு. அப்பா அம்மாவிடமிருந்து வாரிசாக வந்தது மட்டும், பிள்ளைகள் இல்லையென்றால், அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். திருமணமான சில மாதங்களில் கணவரை இழந்து, கணவர் வீட்டாரால் துரத்தப்பட்டு, அம்மா வீட்டில் இருந்து படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பு, அவளைத் துரத்திய குடும்பத்துக்கே போனதை உச்ச நீதிமன்றம் 2009-ல் உறுதி செய்தது. சட்டம் அப்படி இருந்ததால் வேறு வழியில்லை என்றது. இதைத் தடுக்க உயில் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, வெள்ளைத்தாளில் எழுதலாம். நீங்கள் கையெழுத்திடுவதை இரண்டு பேர் நேரில் பார்த்து, உங்கள் முன்னிலையில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறப் போகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பார்த்து வையுங்கள். பின்னாளில் நீதிமன்றத்தில் வந்து சொல்ல அவர்களில் ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டும்.